ஆறாம் குழியில் கூப்பிடும் சொல்

எங்கள் திடலில் ஆடுவதென்றால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும். சரளை சுட ஆரம்பித்துவிட்டால் காலை ஊன்றி நிற்க முடியாது. நிற்க முடியாதவன் பந்தை அடிக்கவும் முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு உச்சி வெயிலில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் வந்தார். தொப்பியால் விசிறிக்கொண்டே, "என்ன செட்டியாரே, இது விளையாட்டா, இல்ல தண்டனையா?" என்று கேட்டார். நல்ல மனிதர். என் அண்ணன் குமரப்பன் இறந்ததை விபத்து என்று முடித்து வைத்தவர் அவர்தான்.

இரண்டு வருஷமாக எனக்கு அந்தச் சொல் உறுத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. செருப்பில் மணல் ஏறினாலும் உறுத்தத்தான் செய்யும், நடந்துகொண்டுதானே இருக்கிறோம். ஆனால் முந்தாநாள் தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தார். உயிர்ச்சேதம் நடந்த ஆபத்தான இடம், பொதுமக்கள் நடமாடுகிற இடம், ஆகையால் திடலை மூடிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. திடலில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் உங்களிடம் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் அழகுசுந்தரம். எங்கள் ஆட்கள் எல்லாரையும் போலச் சின்ன வயதிலேயே தொழிலுக்காக மலாயா போனவன். ஈப்போவில் எங்கள் கடைக்குப் பின்னால் வெள்ளைக்காரர்களின் கிளப் இருந்தது. சாயங்காலங்களில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் ஆடுவதைப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு துரை என்னைக் கவனித்துவிட்டுக் கதவைத் திறந்தான். "இன்றைக்கு மட்டும் உன்னை விடுகிறேன், வந்து பார்" என்றான். போனேன். புல் மெத்தை மாதிரி இருந்தது. ஆனால் புல்லைவிட, இன்றைக்கு மட்டும் விடுகிறேன் என்று அவன் சொன்னதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யுத்தமெல்லாம் முடிந்த பிறகு சந்தா கட்டினால் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தேன், கற்றுக்கொண்டேன், நன்றாகவே ஆடினேன். அந்தத் துரை சொன்னது மட்டும் போகவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு, அறுபத்தொன்றில், இந்தத் திடலைப் போட்டேன். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற சாலைக்கு வடக்கே எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவில் ஒரு பொட்டல் கிடந்தது. பாதி எனக்கு, பாதி குமரப்பன் அண்ணனுக்கு. அவர் என் பெரியப்பா மகன். கேட்டதும் சரி என்றார். கோல்ஃப் என்ற பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை, குழிப்பந்து என்று வைத்துக்கொண்டார்கள். நான் வேலி போடவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று பலகை எழுதி வைத்தேன். ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் வந்தார்கள். தபால் ஆபீஸ் மலையாண்டி வந்தார். செக்காலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்கூட வந்தார். யாரையும் வெளியே நிறுத்திவைக்காத திடல் என்று எனக்கு ஒரு பெருமை. அதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

கஷ்டமான திடல்தான், ஒப்புக்கொள்கிறேன். புல் கிடையாது. குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, லாரி ஷெட்டில் வாங்கிய கழிவு எண்ணெயை ஊற்றி, உருளையை இழுத்து வழவழப்பாக்கி வைப்போம். திடலைப் பார்த்துக்கொள்கிற சின்னக்கருப்பு அதைச் செய்வார். முதல் குழி சும்மா, யாரும் போட்டுவிடலாம். இரண்டாவதில் வலது பக்கம் கருவேல முள், உள்ளே போன பந்து போனதுதான். நாலாவதில் கல்லுமேடு. ஆறாவதுதான் ஆட்டக்காரனைப் பரீட்சை பார்க்கிற குழி. மேட்டில் நின்று அடிக்க வேண்டும். இடது பக்கம் ஊருணி, வலது பக்கம் பாறை, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. மேட்டில் நின்றால் பாதையில் நடக்கிறவரின் முகம் தெரியும், அவ்வளவு பக்கம். பந்தை உயரமாக அடித்தால் காற்று அதைத் தண்ணீரில் தள்ளிவிடும். ஆளுயரத்தில், விசையாக அடித்தால்தான் சந்தைத் தாண்டும். குழியின் அமைப்பே அப்படி. இதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணனும் ஆட வருவார். என்னைவிட ஒரு சாண் உயரம், கனத்த சரீரம், வெண்கலக் குரல். விளையாட்டு மட்டும் சுத்தமாக வராது. நாலு தடவை அடித்துப் பார்ப்பார். பந்து நகராவிட்டால் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்ப்பா அழகு, ஒரு பந்தக் குழிக்குள்ள போடுறதுக்கு இம்புட்டுப் பாடா? கொண்டுபோயிப் போட்டுட்டு வந்தா முருகன் கண்ணக் குத்திருவானா?" என்பார். கூட இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் மேல் யாருக்கும் கோபம் வராது. எனக்கும் வந்ததில்லை.

இந்த விளையாட்டில் பந்து ஆள் இருக்கிற பக்கமாகப் போனால் ஒரு சொல்லைச் சொல்லிக் கத்த வேண்டும். இங்கிலீஷில் 'ஃபோர்' என்பார்கள். எங்கள் ஆட்கள் வாயில் அது 'போர்' என்று வந்தது. அதைக் கேட்டால் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. ரேடியோவில் எந்நேரமும் அதே பேச்சு. அந்தச் சமயம் பார்த்து மலையாண்டி ஒருநாள் பந்தைச் சாலைப் பக்கம் அடித்துவிட்டு, "போர், போர்" என்று கத்திக்கொண்டே ஓடினார். குன்றக்குடி பஸ் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் இறங்கிப் பள்ளத்தில் படுத்துக்கொண்டார்கள். "ஆத்தாடி, நம்ம ஊருக்கே வந்துருச்சா?" என்று காய்கறிக் கூடையோடு ஒரு பெண்பிள்ளை அழுதது. போலீஸ் ஸ்டேஷனுக்குச் செய்தி போய், சொல்லை மாற்றச் சொன்னார்கள்.

கமிட்டி கூடினோம். ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். அண்ணன்தான் தீர்த்து வைத்தார். "சாமி பேரச் சொல்லுங்கப்பா. முருகான்னு சத்தம் போடுங்க. முருகன் பேரச் சொல்லி அடிச்ச பந்து எவன் மண்டையையும் ஒடைக்காது" என்றார். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எங்கள் திடலில் எச்சரிக்கைச் சொல் முருகா.

சொல் நன்றாகவே வேலை செய்தது. திடலில் பழகியவர்கள் அதைக் கேட்டதும் குனிந்தார்கள். தைப்பூசம் நெருங்கியபோதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடக்கிறவர்கள் அந்த ஒற்றையடிப் பாதையில் போவார்கள். அவர்கள் குனிவதில்லை. 'முருகா' என்று கேட்டதும் நின்றுவிடுவார்கள். குரல் வந்த பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, 'அரோகரா' என்பார்கள். முகம் நிமிர்ந்திருக்கும். சிலர் கண்ணையும் மூடிக்கொள்வார்கள். அண்ணனும் அதே ஜாதிதான். மாலை போட்டுவிட்டால் திடலில் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிடும், கை தானாக மேலே போகும். ஒருதரம் மலையாண்டியின் பந்து அவர் காதோரமாக விர்ரென்று போயிற்று. "பாத்தீகளா, முருகன் தள்ளிவிட்டுட்டான்" என்று சிரித்தார்.

இதைக் கமிட்டியில் எடுத்துச் சொல்லி, சொல்லை மறுபடி மாற்றியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அப்போது மனதில் ஒன்றும் கிடையாது. வெறுமனே தெரிந்துவைத்துக்கொண்டேன்.

அறுபத்தேழு தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி தேனம்மை ஆச்சி பரிமாறிக்கொண்டிருந்தார். ரசம் ஊற்றுகிற சமயத்தில் அண்ணன் பேச்சை எடுத்தார்.

"அழகு, கோவிச்சுக்கிறாதப்பா. பழனிக்கு நடக்குற சனம் அந்தப் பொட்டல்ல ஒதுங்க எடமில்லாமத் தவிக்குது. மேட்டுக்கு அங்குட்டு, ஊருணிக்கிட்ட ஒரு மடம் கட்டிட்டம்னா தங்கி எந்திரிச்சுப் போகும். எனக்கும் பிள்ளையா குட்டியா? பேரு சொல்ல அது ஒண்ணாச்சும் நிக்கட்டும்."

"அது ஆறாம் குழிண்ணே" என்றேன்.

"எட்டுக் குழி வச்சு ஆடு. எவன் வந்து எண்ணப் போறான்?"

இப்படிக் கேட்கிறவரிடம் விளையாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆறாவதை எடுத்துவிட்டால் திடல் இரண்டு துண்டாகிவிடும், அப்புறம் அது பொட்டல்தான், திடல் இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இம்புட்டு வருசம் ஒனக்கு விட்டுக் குடுத்தேன்ல? இத நீ எனக்கு விட்டுக் குடு" என்றார்.

விட்டுக் கொடுத்தாராம். அதுவரை அந்தத் திடல் என்னுடையது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் அவர் கதவைத் திறந்து விட்டுத்தான் நான் உள்ளே நடந்துகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சண்டை போடவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். தேனம்மை ஆச்சி, "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கிறீகளா?" என்று கேட்டார். வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு காலை நேரங்களில் ஆறாவது மேட்டில் தனியாகப் பழகினேன். பாதையோரத்தில் இடி விழுந்து மொட்டையான பனை ஒன்று நின்றது. அதன் மேல் மண்கலயத்தைக் கவிழ்த்து வைத்து அடிப்பேன். சின்னக்கருப்பு சந்தையிலிருந்து கலயம் வாங்கிவந்து கொடுப்பார். "எதுக்குங்கய்யா இம்புட்டுக் கலயம்?" என்று கேட்டார். கை பழக வேண்டும் அல்லவா என்றேன். அந்த மொட்டைப் பனை என் தோள் உயரம், கலயத்தை வைத்தால் என் தலைக்குச் சரியாக இருந்தது. ஒரு சாண் குறைந்ததால் அடியில் செங்கல் வைத்துக் கலயத்தை உயர்த்திக்கொண்டேன். கார்த்திகையில் எப்போதாவது ஒன்று உடையும். மார்கழி முடிவதற்குள் அடித்தால் உடையும் என்று ஆகிவிட்டது. மலாயாவில்கூட நான் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை.

நாள் பார்ப்பதில் சிரமம் இருக்கவில்லை. மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று விடிவதற்கு முன்னால் குன்றக்குடிக்கு நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் அந்த ஒற்றையடிப் பாதை வழியாகவே திரும்புவது அண்ணன் வழக்கம். தைக் கார்த்திகை அன்று நானும் மலையாண்டியும் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் ஐந்தாவதில் வழக்கம்போல் பந்தை முள்ளுக்குள் அடித்துவிட்டுத் தேடிக்கொண்டு பின்தங்கிவிட்டார். சின்னக்கருப்பு எட்டாவதில் உருளை இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஆறாவது மேட்டில் பந்தை வைத்தேன். அண்ணன் பச்சை வேட்டியும் மாலையுமாக வந்துகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மொட்டைப் பனை வரை வரட்டும் என்று காத்திருந்தேன்.

பிறகு, "முருகா" என்று கூப்பிட்டேன்.

அவர் நின்றார். திரும்பினார். கையைத் தலைக்கு மேலே தூக்கினார். "அரோகரா" என்றார். நான் அடித்தேன்.

சத்தம் கலயத்தின் சத்தம் மாதிரி இல்லை. அவர் கை உடனே இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் விழுந்தார். மலையாண்டி முள்ளைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். சின்னக்கருப்பு உருளையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் மேட்டில் நின்று பந்து எங்கே போயிற்று என்று பார்த்தேன். ஓர் ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில், நல்ல இடத்தில் கிடந்தது. அங்கிருந்து இன்னும் ஒரே தடவை அடித்தால் குழி. உள்ளுக்குள் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. மட்டையைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

எல்லாரும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. "ஐயா முருகான்னு சத்தம் போட்டாக, எங்காதால கேட்டேன். பெரியய்யாதான் குனியல" என்று சின்னக்கருப்பு அழுதுகொண்டே சொன்னார். மலையாண்டியும் அதையே சொன்னார். எச்சரிக்கை கொடுத்தாயிற்று, அவர் குனியவில்லை, அப்படியானால் விபத்துதான். பிள்ளை இல்லாததால் பங்காளி முறையில் நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கும் தீட்டு என்பதால் துக்கம் கழியும்வரை மட்டையைத் தொடவில்லை. அந்த நாட்கள்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தன.

தேனம்மை ஆச்சி ஒரு தடவைகூட என்னை நொந்து பேசவில்லை. "மனசுல வச்சுக்கிறாதீக தம்பி. முருகன் பேரக் காதுல வாங்கிக்கிட்டே போனாக. அந்தக் குடுப்பினை யாருக்கு வரும்?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு மடத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆறாம் குழி இருந்தது. திடல் முழுசாக இருந்தது.

இப்போது மூட வேண்டும் என்கிறார்கள். அதுவும் ஆபத்தான இடம் என்று காரணம் சொல்லி. நீங்களே சொல்லுங்கள், திடல் என்ன செய்தது? ஒன்பது குழியிலும் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட வந்ததில்லை. அது தவறிப்போன பந்து இல்லை. நான் அடித்ததிலேயே அதுதான் நேரான பந்து. குறி பார்த்து, கூப்பிட்டு நிறுத்தி, பழகிப் பழகி அடித்தது. விபத்து என்பதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். அழகுசுந்தரம் செய்தான் என்று எழுதுங்கள். அப்புறம் தாலுகா ஆபீஸுக்குத் திடலின் மேல் சொல்ல ஒரு குற்றமும் இருக்காது. மலையாண்டியும் மற்றவர்களும் ஆடிக்கொண்டிருக்கலாம்.

வேறென்ன கேட்கிறீர்கள்?

ஆமாம், அரோகராவுக்குப் பிறகும் அண்ணன் குரல் கேட்டதாக மலையாண்டி அன்றைக்கே சொன்னார். காற்றில் என்ன சொன்னார் என்று விளங்கவில்லை என்றார். முந்தைய இன்ஸ்பெக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ வலியில் கத்தியிருப்பார் என்று விட்டுவிட்டார்.

திடல் விஷயமாகத் தேனம்மை ஆச்சியை ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்களா? மடத்துக்கு வேறு இடம் பார்த்துவிட்டதாக, இறப்பதற்கு முந்தின நாளே அண்ணன் வீட்டில் சொன்னாரா? சிங்கம்புணரிப் பக்கமா? இருக்கலாம். தம்பிகிட்ட நாளைக்குச் சொல்லணும் என்றும் சொல்லியிருப்பார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

சொன்னார். என்னிடமும் சொன்னார். அரோகரா என்று கண்ணைத் திறந்தவர், மேட்டில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தூக்கிய கை அப்படியே இருந்தது. அந்தப் பெரிய குரலில் சொன்னார். "அழகு, மடத்துக்கு வேற எடம் பாத்துட்டேன்ப்பா. இத ஒனக்கே விட்டுட்டேன். நீ ஆடு."

இல்லை, அப்போது மட்டையை நான் தூக்கியிருக்கவில்லை. தரையில், பந்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கேட்டபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திடலுக்காகத்தான் செய்தேன் என்பதில் மாற்றம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நானாக ஆடவில்லை, ஆடச் சொன்னது அண்ணன்தான்.